ஸ்டூடன்ட் பார்ஸ்னிப்: ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஐந்து ஆண்டுகள்

2021 பிப்ரவரி கடைசி வாரத்தில், ஸ்டூடன்ட் என்ற பழைய ரகப் பார்ஸ்னிப்பில் ஏறத்தாழ 150 விதை போட்டேன். மே மாதம் நடுவில் போய் எண்ணினால் ஐந்து செடி. அதில் இரண்டை நத்தை தின்றுவிட்டது. மீதி மூன்றைத்தான் அந்த வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் அதே தோட்டத்திலிருந்து இரண்டாவது முறையாக என் சொந்த விதையை அறுவடை செய்தேன். இடையில் என்ன தவறு நடந்தது, எதை மாற்றினேன், எது பலித்தது என்பதை என் தோட்டக் குறிப்பேட்டைப் பார்த்து இங்கே எழுதுகிறேன். பார்ஸ்னிப் வளர்க்க நினைப்பவர்களுக்கு, முக்கியமாகப் பழைய ரகங்களை வளர்க்க நினைப்பவர்களுக்கு, என் முதல் வருஷம் நேரக்கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் இதைக் கடையில் பார்த்து ‘வெள்ளை கேரட்’ என்று நினைத்துக் கடந்துபோவார்கள். கேரட்டுக்கு உறவுதான். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் அடங்கிய அதே குடும்பம். கிழங்கு தந்த நிறத்தில் இருக்கும். நறுக்கினால் கொத்தமல்லி வேரை நசுக்கியது போல ஒரு வாசனை வரும். வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக்குப் பக்கத்தில் வரும் இனிப்பு. ஈராண்டுச் செடி. முதல் வருஷம் கிழங்கு, குளிர்காலம் தாண்டி இரண்டாம் வருஷம் பூவும் விதையும்.

என் வீடு இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் நகரத்தில். வீட்டுக்குப் பின்னால் 11 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நிலம். மண் களிமண். மழைக்காலத்தில் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கிழங்குப் பயிருக்கு இதைவிடக் கஷ்டமான மண் குறைவு. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மட்டும் 6.8, அது ஒன்றுதான் எனக்குச் சாதகம்.

ஏன் இந்த ரகம்

பழைய பார்ஸ்னிப் ரகங்கள் என்று பார்த்தால் வீட்டுத் தோட்டக்காரருக்கு இன்றும் நாலைந்து கிடைக்கின்றன. கிழங்கின் தலைப்பகுதி கிண்ணம் போலக் குழிந்திருக்கும் ஹாலோ கிரவுன் இருநூறு ஆண்டுப் பழமை உள்ளது. டெண்டர் அண்ட் ட்ரூ 1897ல் வந்தது. நீளக் கிழங்கு, கண்காட்சிக்கு வளர்ப்பவர்களின் செல்லம். கர்ன்சி தீவின் பெயரைத் தாங்கிய அரைநீள ரகம் ஒன்றும் உண்டு. ஆங்கிலக் கால்வாயில் உள்ள அந்தத் தீவுகளில் பார்ஸ்னிப்பை மாட்டுத் தீவனமாகவே வளர்த்தார்கள்.

நான் ஸ்டூடன்ட் ரகத்தை எடுத்ததற்குக் காரணம் அது பிறந்த விதம். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் இருந்த ராயல் வேளாண் கல்லூரியில் ஜேம்ஸ் பக்மன் என்று ஒரு பேராசிரியர். 1847ல் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுப் பார்ஸ்னிப்பிலிருந்து விதை சேகரித்தார். 1848ல் கல்லூரித் தோட்டத்தில் விதைத்தார். காட்டுச் செடியின் வேரை நீங்கள் பிடுங்கிப் பார்க்க வேண்டும்: மெல்லியதாக, பல கிளையாக, மரக்குச்சி போல நாராக இருக்கும். இலையில் ரோமம். வந்த செடிகளில் இலை அகலமாக, ரோமம் குறைவாக, வேர் சற்றுத் தடித்திருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றிலிருந்து விதை எடுத்தார். மறுபடி விதைத்தார், மறுபடி தேர்ந்தெடுத்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வழவழப்பான, நேரான, தின்னத்தக்க கிழங்கு வந்துவிட்டது. பிரான்சில் விதை வியாபாரிகளான வில்மொரான் குடும்பத்தார் அதற்கு முன்பே காட்டு கேரட்டில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். சார்லஸ் டார்வினும் பக்மனின் இந்த வேலையைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

1860 வாக்கில் அந்த விதையை வாங்கி, பெருக்கி, ‘தி ஸ்டூடன்ட்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சட்டன்ஸ் நிறுவனம். 1806ல் ரெடிங்கில் தொடங்கிய விதைக்கடை அது. 1970களில் ஊரைவிட்டுப் போய்விட்டாலும் நகரின் கிழக்கே ஒரு தொழிற்பேட்டைக்கு இன்னும் அந்தப் பெயர்தான். அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். இந்த ஊரிலிருந்து உலகத்துக்குப் போன ஒரு காய், இந்த ஊரில் எந்தத் தோட்டத்திலும் என் கண்ணில் படவில்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்தது.

2021: விதை ஏன் முளைக்கவில்லை

அந்த வருஷம் நான் செய்தது இதுதான். கடையில் தள்ளுபடி விலையில் கிடந்த பாக்கெட்டை வாங்கினேன். ‘பிப்ரவரி முதல் மே வரை விதைக்கலாம்’ என்று அச்சிட்டிருந்ததை நம்பி பிப்ரவரியிலேயே போட்டேன். ஏப்ரல் முழுக்க வறட்சி. அறுபது ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு உறைபனி இரவுகள் வந்த ஏப்ரல் அது. மேல்மண் பகலில் காய்ந்து ஓடுகட்டியது. மே மாதம் விடாமல் மழை.

அம்மாவிடம் போனில் புலம்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “விதைய ஈரத்துணியில முடிஞ்சு பாத்தியாடா?” ஊரில் நெல்லுக்கும் கடலைக்கும் விதைப்புக்கு முன்னால் முளைப்பு பார்ப்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். இங்கே பளபளப்பான பாக்கெட்டில் வந்ததால் அது தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். மிச்சம் இருந்த விதையில் இருபதை எண்ணி, ஈரமான சமையலறைக் காகிதத்தில் மடித்து, ஒரு டப்பாவில் போட்டு மூன்று வாரம் வைத்தேன். இரண்டு முளைத்தன.

பார்ஸ்னிப் விதைக்கு ஆயுள் குறைவு. தக்காளி விதை நாலைந்து வருஷம் தாங்கும். இது அறுவடை செய்த அடுத்த வசந்தத்தில் நன்றாக முளைக்கும், அதற்கடுத்த வசந்தத்தில் பெரும்பாலும் செத்திருக்கும். தள்ளுபடியில் வாங்கிய பாக்கெட் எத்தனை வருஷம் அலமாரியில் இருந்ததோ, அதில் அச்சிட்டிருந்த, பாக்கெட்டில் அடைத்த தேதியை நான் பார்க்கவே இல்லை. தோல்விக்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் குளிர். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை ஆய்வாளர் 1950களில் பல காய்கறி விதைகளை வெவ்வேறு மண் வெப்பநிலையில் வைத்து, முளைத்து வெளிவர எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார். பார்ஸ்னிப் 20 டிகிரி செல்சியஸில் 14 நாளில் வந்தது. 15 டிகிரியில் 19 நாள், 10 டிகிரியில் 27 நாள், 5 டிகிரியில் 57 நாள். உறைநிலையில்கூட முளைத்தது, ஆனால் 172 நாள் ஆனது. 30 டிகிரிக்குப் போனால் மறுபடியும் தாமதமாகி, எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்தது. பிப்ரவரி கடைசியில் என் மண் 5 டிகிரியை ஒட்டித்தான் இருந்திருக்கும். நல்ல விதையாக இருந்தாலும் இரண்டு மாதம் ஈரத்தில் கிடந்து, பூஞ்சைக்கும் நத்தைக்கும் தப்பித்து, ஓடுகட்டிய மேல்மண்ணைத் துளைத்து வந்திருக்க வேண்டும். பழைய விதைக்கு அந்தத் தெம்பு கிடையாது.

பிப்ரவரியில் விதைக்கும் வழக்கம் இங்கே பழையது. பார்ஸ்னிப்புக்கு நீண்ட வளர்காலம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஏப்ரலில் போட்டாலும் டிசம்பருக்கு எட்டு மாதம் இருக்கிறது. கனமான மண் உள்ளவர்கள் பிப்ரவரியை மறந்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

2022: கடப்பாரையும் ஈரக் காகிதமும்

அடுத்த வருஷம் புதிய விதை வாங்கினேன், தேதி பார்த்து. பாத்தி 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர். நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, ஆக 48 இடம். முந்தின வருஷம் புதுச் சாணி எரு போட்ட இடத்தைத் தவிர்த்தேன். புது எருவில் இந்த வேர் கவட்டைக் கவட்டையாகப் பிரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். கல், கெட்டிக்கட்டி எது இடைப்பட்டாலும் பிரியும். நுனி வேர் எங்கே தடைபடுகிறதோ அங்கே அது இரண்டாகிறது.

இரண்டு வரிசையைச் சாதாரணமாக மண்வெட்டியால் ஆழக் கொத்தி விட்டேன். மற்ற இரண்டு வரிசையில் கண்காட்சிக்கு வளர்ப்பவர்களின் முறையைப் பின்பற்றினேன். கடப்பாரையை மண்ணில் இறக்கி, வட்டமாக ஆட்டி ஆட்டி, மேலே 8 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமுமாகக் கூம்புக் குழி. அதில் சலித்த மக்கு உரமும் மணலும் கலந்து நிரப்பினேன். 24 குழிக்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பல வருஷமாகப் பார்ஸ்னிப் போடுகிறேன், இவ்வளவு பாடு பட்டதில்லை என்றார். அவர் வீட்டு மண்ணும் இதே களிமண்தான், ஆனால் பல ஆண்டாக மக்கு போட்டுப் போட்டுக் கறுத்துப் பொலபொலவென்று ஆகியிருந்தது.

விதையை நேராக மண்ணில் போடவில்லை. மார்ச் கடைசி நாளில் ஈரக் காகிதத்தில் பரப்பி, மூடி, வீட்டுக்குள்ளேயே 18, 19 டிகிரியில் வைத்தேன். பத்தாம் நாள் வெள்ளை முனை தெரிந்தது. இந்தக் கட்டத்தில் தாமதிக்கக் கூடாது. வேர் 2, 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். நீண்டுவிட்டால் நுனி ஒடியும், ஒடிந்தால் கிழங்கு பிரியும். ஏப்ரல் 10 அன்று, மண் வெப்பமானி 10 டிகிரி காட்டியபோது, இடத்துக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், ஈர நுனியுள்ள சிறு குச்சியால் எடுத்து வைத்தேன். இடையிடையே முள்ளங்கி தூவினேன். அது ஐந்தாறு நாளில் முளைத்து வரிசையைக் காட்டிக்கொடுக்கும், களை எடுக்கும்போது பார்ஸ்னிப்பை மிதிக்காமல் தப்பிக்கலாம், மே மாதம் முள்ளங்கியும் கிடைக்கும். இரண்டே வாரத்தில் 46 இடத்தில் பச்சை. அன்று காலை வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

முளைகட்டி நட்டதில் இன்னொரு லாபம் எதிர்பாராமல் வந்தது. நெருக்கமாக விதைத்துப் பிறகு பிடுங்கிக் குறைக்கும்போது கசங்கிய இலையின் வாசனைக்குக் கேரட் ஈ வரும். அதன் புழு வேரைத் துளைத்துச் சுரங்கம் போடும். எனக்கு இடத்துக்கு ஒன்றைக் கத்தரியால் நறுக்கினால் போதுமானதாக இருந்தது, பிடுங்கவே இல்லை. அதோடு நட்ட அன்றே மெல்லிய பூச்சிவலையால் பாத்தியை மூடிவிட்டேன். இந்த ஈ தரையை ஒட்டிப் பறக்கும் என்பதால் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் தடுப்பு வைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. எங்கள் தெருவில் காற்று அதிகம், நான் முழுதாக மூடுவதையே விரும்புகிறேன்.

கையில் வந்த கொப்புளம்

இதைத் தனியாக எழுதுகிறேன். வாசிப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஜூலை இரண்டாம் வாரம், நல்ல வெயில். வலையை நீக்கி, மஞ்சளாகிப்போன கீழிலைகளை ஒடித்து, களை எடுத்தேன். அரைக்கைச் சட்டை. ஒரு மணி நேர வேலை. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு வலது முன்கையில் கோடு கோடாகச் சிவந்தது. அதற்கடுத்த நாள் கொதிநீர் பட்டது போலக் கொப்புளம். ஏதோ பூச்சி என்று நினைத்து எண்ணெய் தடவினேன். மருந்தாளர் பார்த்துவிட்டு, தோட்டத்தில் என்ன செடி தொட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

பார்ஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் உள்ள சாற்றில் ஃபூரனோகூமரின் என்ற வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. பூச்சிகளிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குபவை. சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால், அவை தோல் செல்களின் டி.என்.ஏ.வோடு பிணைந்து அவற்றைக் கொன்றுவிடும். நம் ஊர்ச் சேராங்கொட்டையும் கொப்புளம் எழுப்பும், ஆனால் அது ஒவ்வாமை, வெயில் தேவையில்லை. இங்கே ஒவ்வாமை இல்லாதவருக்கும் வரும். சாறும் வெயிலும் சேர்ந்தால் போதும். எனக்குக் கொப்புளம் இரண்டு வாரத்தில் ஆறியது. பழுப்புத் தழும்பு அடுத்த வசந்தம் வரை இருந்தது.

அதன்பிறகு முழங்கை வரை உறை, முழுக்கைச் சட்டை, அதுவும் சாயங்காலம் வெயில் இறங்கியபிறகுதான் இலையைத் தொடுவேன். சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிவைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தப் பாத்தி நடைபாதை ஓரத்தில் இருக்கவே கூடாது. இரண்டாம் வருஷம் பூக்கும் செடி ஆள் உயரம் வளர்ந்து முகத்தருகே வரும், அப்போது ஆபத்து இன்னும் அதிகம். விதை பாக்கெட்டில் இதை ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு நேர்ந்திருக்காது.

வறட்சி, மழை, அறுவடை

அதே ஜூலை 19ஆம் தேதிதான் இங்கிலாந்தில் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3. ஆகஸ்டில் எங்கள் பகுதியில் குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சத் தடை வந்தது. குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றினேன். பீன்ஸ் கருகிவிட்டது. பார்ஸ்னிப் மதியம் துவளும், காலையில் நிமிர்ந்திருக்கும். வேர் அவ்வளவு ஆழம் போயிருந்தது.

செப்டம்பரில் மழை திரும்பியதும் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. மாதக்கணக்கில் காய்ந்திருந்த கிழங்கு ஒரேயடியாகத் தண்ணீரை இழுத்ததில் சிலவற்றின் தோள்பகுதி வெடித்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் கேங்கர் என்ற அழுகல் நோய் நுழைகிறது. பெரும்பாலும் இட்டர்சோனிலியா என்ற பூஞ்சை. தோளில் ஆரஞ்சும் பழுப்புமாகச் சொரசொரப்பாகத் தொடங்கி, கறுத்து, உள்ளே இறங்கும். மருந்து கிடையாது. மண்ணை அமிலமாகாமல் வைத்திருப்பது, தோள் வெளியே தெரியாமல் மண் அணைப்பது, ஈப்புழுவை அண்டவிடாமல் இருப்பது, இவ்வளவுதான் செய்ய முடியும். நவீன ரகங்களில் எதிர்ப்புச் சக்தி உள்ளவை உண்டு. ஸ்டூடன்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அக்டோபர் முதல் வாரமே எல்லாச் செடிக்கும் மண் அணைத்தேன். ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும், வாளித் தண்ணீரையும் வாரம் இரண்டுக்குப் பதில் நாள் விட்டு நாள் கொஞ்சமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

அக்டோபரில் இரண்டைப் பிடுங்கி வேகவைத்தோம். மாவு மாதிரி இருந்தது, ருசி இல்லை. என் மனைவி தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டாள். பெரியவர் சொன்னது: “பனி பார்க்காத பார்ஸ்னிப்பை எடுக்காதீர்கள்.” டிசம்பர் 7 வாக்கில் கடுங்குளிர் தொடங்கி பத்து நாள் நீடித்தது, நடுவில் பனியும் பெய்தது. குளிர் உறைநிலையை நெருங்கும்போது இந்தக் கிழங்கு தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. பனி இல்லாத இடத்தில் வளர்ப்பவர்கள், பிடுங்கிய கிழங்கை உறையாமல் 0 முதல் 1 டிகிரிக்குள் இரண்டு வாரம் வைத்தாலும் அந்த இனிப்பு வந்துவிடும்.

டிசம்பர் 20 அன்று மண் இளகியதும் முழுப் பாத்தியையும் தோண்டினேன். 44 கிழங்கு. சாதாரணமாகக் கொத்திய வரிசைகளில் ஏறத்தாழ பாதி, கவட்டை. கடப்பாரைக் குழிகளில் மூன்றே மூன்று. கேங்கர் தின்றவை ஆறு, அவற்றிலும் நாலைந்து, அழுகிய பகுதியை வெட்டியெறிந்துவிட்டுச் சமைக்கும்படி இருந்தன. கவட்டைக் கிழங்கு சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தோல் சீவுவதுதான் சிரமம். எனவே சமையலுக்கு மட்டும் வளர்ப்பவர் கடப்பாரை வேலையை விட்டுவிடலாம். விதைக்கு வளர்ப்பவர் விடக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு இங்கே எல்லா வீட்டிலும் பார்ஸ்னிப்பை எண்ணெயில் புரட்டி அடுப்பில் வாட்டுவார்கள். சர்க்கரை மலிவாவதற்கு முன்னால் இதை வைத்து இனிப்பும் ஜாமும் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழம் கிடைக்காதபோது, இதை வேகவைத்து மசித்து வாழைப்பழ வாசனை சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கடுகு, மிளகாய் வற்றல் தாளித்து, தேங்காய் தூவிப் பொரியல். இனிப்பும் காரமும் சேர்ந்து கேரட் பொரியலைவிட நன்றாக இருக்கும். சாம்பாரில் மட்டும் போடாதீர்கள், அதன் வாசனை பருப்போடு ஒட்டாது.

விதை எடுத்தல்

தோண்டிய 44ல் எட்டைச் சாப்பிடாமல் வைத்தேன். நேரான, வழவழப்பான, தோள் வெடிக்காத, கேங்கர் தொடாத எட்டு. பக்மன் செய்ததும் இதைத்தான், தோண்டிப் பார்த்து வேரைத் தேர்ந்தெடுப்பது. இங்கேதான் கடப்பாரைக் குழி உதவுகிறது. மண்ணின் குறையால் கவட்டையானதா, பரம்பரையாகவே கவட்டையா என்று சாதாரண மண்ணில் பிரித்தறிய முடியாது. தடையில்லாத குழியிலும் பிரிந்திருந்தால் அந்தக் கிழங்கின் விதை வேண்டாம்.

எட்டையும் ஈர மணலில் புதைத்துக் கொட்டகையில் வைத்து, 2023 பிப்ரவரி கடைசியில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். இரண்டு அழுகிப்போயின. ஆறு எழுந்தன. ஜூனில் ஆள் உயரம். சுற்றிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். பூ, கொத்தமல்லிப் பூவை மஞ்சளில் முக்கியது போல, தட்டுத் தட்டாக இருந்தது. ஈக்கள், குளவிகள், சின்ன வண்டுகள் எல்லாம் மொய்த்தன. பூங்கொத்தைப் பட்டு நூல் போலப் பின்னி உள்ளிருந்து தின்னும் ஒரு புழுவும் வந்தது. காலையில் உறை போட்டுக்கொண்டு கையாலேயே பொறுக்கினேன். செடியின் நடு உச்சியில் முதலில் வரும் பெரிய கொத்தின் விதைதான் திடமானது. பக்கக் கிளைகளில் கடைசியாக வந்த சின்னக் கொத்துகளை நறுக்கிவிட்டேன்.

என் கவலையெல்லாம் காட்டுப் பார்ஸ்னிப்தான். சுண்ணாம்பு மண் உள்ள சாலையோரங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இந்த நாட்டின் தென்பகுதியில் அது தானாக வளரும். இரண்டும் ஒரே இனம், பூச்சி இதிலிருந்து அதற்குப் போனால் கலந்துவிடும். ஜூன் மாதம் இரண்டு மாலை சுற்றுவட்டாரத்தை நடந்து பார்த்தேன். அரை மைல் தள்ளி ரயில் மேட்டில் ஒரு கூட்டம் இருந்தது. வேலிக்குள் போய் வெட்ட முடியாது. என் ஆறு செடியும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றதால் பெரும்பாலான மகரந்தம் அவற்றுக்குள்ளேயே புரண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் விட்டேன். 2024ல் அந்த விதையிலிருந்து வந்தவற்றில் மூன்று கிழங்கு மட்டும் மெலிந்து, நாரோடி, பல கிளையாக இருந்தன. அவற்றை உரக்குழியில் போட்டேன்.

ஆகஸ்டில் விதை பழுப்பாகி, தட்டையாக, காகிதச் செதில் மாதிரி ஆனது. ஒரு காற்று அடித்தால் பறந்துவிடும். கொத்துக் கொத்தாக நறுக்கிக் காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு உலர்த்தினேன். ஆறு செடியில் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல். செப்டம்பரில் ஈரக் காகிதத்தில் இருபது போட்டுப் பார்த்ததில் 18 முளைத்தன.

பெரியவர் போட்ட கணக்கு

இந்தச் சந்தோஷத்துக்கு முன்னாலேயே, 2022 கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரியவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். “இந்தக் கிழங்கிலிருந்து 2023ல் விதை எடுப்பீர்கள். 2024ல் விதைப்பீர்கள். அதிலிருந்து அடுத்த விதை 2025 ஆகஸ்டில்தான். சரி, 2025 வசந்தத்தில் எதை விதைப்பீர்கள்?”

நான் அதை யோசித்தே இருக்கவில்லை. விதையிலிருந்து விதைக்கு இரண்டு வருஷம், விதையின் ஆயுளோ கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஒரே ஒரு விதைத் தொடராக வளர்த்தால் ஒன்றுவிட்டு ஒரு வருஷம் கை காலி. ஒரு தடவை பயிர் கெட்டுப்போனால் கையிலிருக்கும் பழைய விதையை நம்ப முடியாது, எல்லாம் அத்தோடு முடிந்தது. பழைய தக்காளி ரகத்தை ஒருவர் மேசை இழுப்பறையில் மூன்று வருஷம் மறந்து வைத்திருந்துவிட்டு மீட்டெடுக்கலாம். பார்ஸ்னிப்பில் அந்தச் சலுகை இல்லை. என் 2023 விதையே இதற்குச் சாட்சி. 2024 மார்ச்சில் இருபதுக்கு 16 முளைத்தது. 2025 மார்ச்சில் அதே உறையிலிருந்து எடுத்த இருபதில் 4.

பெரியவரே வழியும் சொன்னார். பல வருஷமாக டெண்டர் அண்ட் ட்ரூ போட்டவர், 2023ல் எனக்காக ஸ்டூடன்ட் பாக்கெட் வாங்கி விதைத்தார். குளிர்காலத்தில் எட்டுக் கிழங்கைத் தேர்ந்தெடுத்து விட்டுவைத்தார். 2024ல் அவர் தோட்டத்தில் பூத்தது, 2025ல் என் தோட்டத்தில் பூத்தது. சாப்பாட்டுக்கு இருவரும் ஒவ்வொரு வருஷமும் விதைக்கிறோம், விதைக்கு மட்டும் முறை வைத்துக்கொள்கிறோம். பூப்பது ஆண்டுக்கு ஒரு வீட்டில் மட்டும் என்பதால் இரண்டு விதைத் தொடரும் கலப்பதில்லை. அவரிடம் இருக்கும் டெண்டர் அண்ட் ட்ரூவும் பூக்குமுன் சமையலறைக்குப் போய்விடும்.

2025 வசந்தம் மிக வறண்டது. அவர் கொடுத்த 2024 விதையை முளைகட்டி நட்டு, வரிசைமேல் பழைய மரப்பலகை போட்டு ஈரத்தைக் காத்தேன். தினமும் காலையில் பலகையைத் தூக்கிப் பார்த்து, முதல் பச்சை தெரிந்த அன்று எடுத்துவிட்டேன். 48ல் 43 வந்தது.

அந்த ஆகஸ்டில் எனக்குக் கிடைத்தது 50 கிராம். அவருக்கு இப்போது முட்டி வலி, குனிந்து விதை பொறுக்க முடிவதில்லை. பாதியை ஒரு பழுப்பு உறையில் போட்டு, ‘ஸ்டூடன்ட், ஆகஸ்ட் 2025, அடுத்த வசந்தத்துக்கு மட்டும்’ என்று எழுதி அவர் வீட்டுக் கதவுத் துளையில் போட்டேன். மாலையில் வேலிக்கு மேலே அவர் தலை தெரிந்தது. 2026ல் விதைக்கு நிற்கப்போகும் தன் கிழங்குகளுக்கு நான்தான் குச்சி நட்டுக் கயிறு கட்ட வேண்டும் என்றார்.